கசக்காத கொயினா

செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். சவரம். காபி. பிறகு கண்ணாடிக் குவளைகளை வெந்நீரில் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். கொல்லிமலையானால் என்ன, ஒழுங்கு ஒழுங்குதானே?

சென்னையில் மருந்தியல் பாடம் நடத்துகிறவனுக்கு இந்த மலையின் வாழவந்தி நாட்டில் கூடாரம் எதற்கு? சொல்கிறேன். மலைக் காய்ச்சலுக்கு மருந்து கொயினா. அதன் கசப்புக்குப் பயந்துதான் ஜனங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று நாங்கள் காலேஜில் உட்கார்ந்தே முடிவு கட்டிவிட்டோம். வருஷக்கணக்கில் பாடுபட்டு, அதிமதுரமும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து, கசப்பே தெரியாத ஒரு சிரப் தயாரித்தேன். மலை ஜனங்கள் குடித்தால் எனக்குப் புரொபசர் பதவி. குடிக்காவிட்டால்... பழைய நாற்காலி.

முதலில் வந்தவள் நல்லம்மாள். மிளகு பயிரிடுகிறவள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். ஒரு வாய் குடித்தாள். சப்புக் கொட்டினாள். எனக்கு ஒரே பெருமை!

"ஏனுங்க சாமி, பானகம் நல்லாருக்குதுங்க. மருந்து எப்பக் குடுப்பீங்க?"

"இதுதாம்மா மருந்து. கசப்பு உள்ளே ஒளிஞ்சிருக்கு."

"ஒளிஞ்சுக்கிட்டுக் கெடக்கறது எப்புடீங்க காய்ச்சலைத் தொரத்தும்?"

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் கையிலிருந்த சிரப் குவளைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் விடவில்லை. வகுப்பில் பேசுவதுபோல் பேசினேன். நல்லம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துருமுங்க. நெசமான மருந்து இருந்தாக் குடுங்க. இல்லீன்னா ஊட்டுக்குப் போறனுங்க."

காய்ச்சலோடு அனுப்புவதா? பதவியா, அவளா? பெருமூச்சு விட்டு, எதுவும் கலக்காத கொயினாத் தண்ணீரை அளந்து கொடுத்தேன்.

விழுங்கினாள். கண் பிதுங்கியது. உடம்பு உதறியது.

"யப்பா...! இது மருந்துங்க!"

அவ்வளவுதான் — வரிசை முண்டியடித்தது. யார் முகம் அதிகம் கோணுகிறது என்று போட்டி வேறு!

நாக்கைப் பற்றி நாங்கள் நிறையப் படித்திருக்கிறோம். அது ஒரு மனுஷியின் வாயில் இருக்கிறது என்பதுதான் எந்தப் பாடத்திலும் இல்லை.

மறுநாள் விடிந்தபோது எனக்கே குளிர்காய்ச்சல். பல் கிடுகிடுத்தது. என்னோடு வந்திருந்த காம்பவுண்டர் சுப்பராயன் சிரப், வெறும் கொயினா இரண்டு புட்டிகளையும் தூக்கிக் காட்டினார்.

"எதுங்க சார்?"

அன்று நான் செய்த முதல் காரியம் — கசப்புப் புட்டியைக் காட்டியதுதான்.