வடக்கே தலைவைக்காத பயணி

சிவபாதம் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுகம் விசாரிப்பதில்லை. கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, உள்ளங்கையில் தட்டுப்போல ஏந்தி, ஹோலின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு படுக்கையறைப் பக்கம் கழுத்தை நீட்டுவார்.

"கட்டில் வடக்கை தலை. அதுதான் பெடியனுக்கு வேலை சரிவரேல்லை."

பெடியன் நல்ல வேலையில் இருந்தால், "இருந்தாலும் நித்திரை குறைவா இருக்குமே?" என்பார். நித்திரை குறையாத ஆள் ரொறன்ரோவில் எங்கே இருக்கிறான்? எல்லோரும் தலையாட்டுவார்கள்.

சிவபாதம் ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் குடியிருக்கிறார். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். மெலிந்த ஆள், கோடையிலும் கம்பளித் தொப்பி. தேநீரை ஆறவைப்பார், பிறகு ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்புவார். வீடு வாங்குகிற சனம் இவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டாமல் கையெழுத்து வைக்காது. அதற்கு ஒரு சதம் வாங்கமாட்டார். ஒருமுறை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடத்தியபோதும், மூக்கிலிருந்த குழாயை விலக்கிவிட்டு, கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லித் தாதியைக் கேட்ட மனுசன்.

நான் பிக்கரிங்கில் வாங்க நினைத்த வீட்டையும் பார்த்தார். "குசினி பிழையான மூலையிலை கிடக்கு. உந்த வீட்டை வாங்காதேங்கோ, வீரக்குட்டி அண்ணை" என்றார். நான் வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்து, பார்க்டேலில் ஓர் அறையில் ஆறு பேரோடு படுத்து, உணவகங்களில் கோப்பை கழுவி, இன்று நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கும் துப்புரவுக் கொம்பனி நடத்துகிறவன் நான். அந்த அறையில் கால் நீட்டவே இடமில்லை. இதில் திசை எங்கே பார்ப்பது? இதைச் சொன்னேன்.

"உங்கடை சாதகம் பலமானது, அண்ணை. அது தாங்கும்."

அதை நான் மறுக்கவில்லை.

சிவபாதத்தின் மனைவி புனிதவதிக்கு ஓர் ஆசை. அலாஸ்காவில் பனிமலை உடைந்து கடலில் விழுவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். வன்கூவரில் கப்பல் ஏறினால், காடும் மலையும் இரண்டு பக்கமும் கூடவர, ஏழு நாளில் போய்த் திரும்பலாம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் சிவபாதம் கப்பலில் அறை பார்த்தார். அவர் திசை பார்த்து முடிக்கும்போது அறைகள் முடிந்துவிட்டன. புனிதவதிக்கு ஒரு முழங்கால் மாற்றியாயிற்று. மற்றதும் நோகத் தொடங்கிவிட்டது. "நடக்கேலும்போதே போகவேணும்" என்று அவர் என் மனைவி இராசமணியிடம் சொல்லி அழுதார். அதனால் இந்தமுறை நாலு பேராகப் போவோம் என்று நானே பொறுப்பெடுத்து, பயண ஒழுங்கு செய்யும் நிலாணியின் கந்தோருக்கு எல்லோரையும் காரில் ஏற்றிப்போனேன்.

எங்கள் அறையை நான் இருக்கையில் உட்காருமுன் எடுத்துவிட்டேன். உள்ளதில் பெரியது. சிவபாதம் கப்பலின் படத்தை மேசையில் விரித்தார்.

"உந்தப் பல்கணி அறையிலை தலைமாடு எந்தப் பக்கம், பிள்ளை?"

"கப்பலின்ர மூக்குப் பக்கம், அங்கிள்."

"மூக்கு வடக்கை போகும். அப்ப தலையும் வடக்கை."

"பக்கத்து அறையிலை மற்றப் பக்கம் இருக்கு."

"அது போகேக்கை சரி. வரேக்கை பிழை."

"தலையணையை மாத்திப் போட்டுப் படுமன்" என்றேன் நான்.

"காலடியிலை தலைவைக்கிற பழக்கம் எங்கடை பரம்பரையிலை இல்லை, அண்ணை."

நிலாணி பொறுமையான பிள்ளை. கப்பல் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்துக் கட்டிலைத் திருப்ப முடியுமா என்று கேட்டாள். பிறகு கையால் தொலைபேசியின் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, "அங்கிளுக்கு என்ன வருத்தம், நோய் ஏதுமோ எண்டு கேக்கினம்" என்றாள்.

"வருத்தம் வராமல் இருக்கத்தானே பிள்ளை கேக்கிறன்."

கட்டில் தரையோடு பூட்டியிருக்கிறதாம். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. கட்டிலைக் குறுக்கே போட்ட அறை ஒன்று. போகும்போது தலை கிழக்கு, வரும்போது மேற்கு. சிவபாதத்தின் முகம் மலர்ந்தது. அதுவரை வாய் திறக்காத புனிதவதி, "அதிலை யன்னல் இருக்கோ?" என்றார்.

"இல்லை அன்ரி. அது உள்ளறை. நாலு பக்கமும் சுவர்தான்."

"நித்திரை கொள்ளுற இடத்திலை யன்னல் என்னத்துக்கு?" என்றார் சிவபாதம்.

"பல்கணி அறை இன்னும் எத்தினை கிடக்கு, பிள்ளை?" என்று கேட்டார் புனிதவதி.

"ஒண்டுதான் அன்ரி. நாளைக்கு இருக்குமெண்டு சொல்லேலாது."

புனிதவதி கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "அப்ப அதை எனக்குப் போடு. இவருக்கு உள்ளறையைப் போடு."

இராசமணி என்னைப் பார்த்தாள். நான் கப்பல் படத்தைப் பார்த்தேன்.

"இஞ்சேர், எனக்கு இரவு மருந்துக் குளிசை ஆர் எடுத்துத் தாறது?" என்றார் சிவபாதம்.

"கைபேசியிலை அலாரம் வையுங்கோ."

"ராத்திரி மூச்சு முட்டினால்?"

"கிழக்கைதானே தலை. முட்டாது."

சிவபாதம் அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, நிறைந்த சட்டியைத் திருப்புவதுபோல மெல்ல அரைவட்டம் சுற்றினார். கப்பலின் மூக்கு இப்போது அவர் வயிற்றைப் பார்த்தது. பல்கணி அறையின்மேல் விரலை வைத்தார்.

"இப்ப பாத்தால் சரியாத்தான் கிடக்கு. இரண்டு பேருக்கும் உந்த அறையையே போடுங்கோ, பிள்ளை."

நிலாணி பதிந்து முடிக்கும்வரை, யாரும் திருப்பிவிடாதபடி, படத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.