அறுபத்து நாலு எழுத்து

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு உண்டு. அதில் அதிகம் மாட்டியவர் எங்கள் லேப் மேடம். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். சிமெண்டின் வலிமைச் சோதனை முடிவுகளைத் தினமும் ஒரு ஃபைலில் ஏற்றுவார். பிறகு அந்த ஃபைலின் ஹாஷை, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தரும் கைரேகை மாதிரியான அறுபத்து நாலு எழுத்தையும், பேனாவால் ரெஜிஸ்டரில் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவார். "மேடம் ஸ்ரீராமஜெயம் எழுத உக்காந்துட்டாங்க" என்பேன். சிரிப்பார், ஆனால் எழுதுவதை நிறுத்த மாட்டார்.

எவ்வளவு பெரிய ஃபைலைப் போட்டாலும் ஹாஷ் அறுபத்து நாலு எழுத்துதான். அதே ஃபைலுக்கு எப்போதும் அதே எழுத்துகள். ஒரு புள்ளி மாறினாலும் மொத்தமும் வேறாகிவிடும். அரைத்த பொடியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைத் திரும்ப எடுக்க முடியாத மாதிரி, ஹாஷிலிருந்து ஃபைலை எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது. பழைய முறை ஒன்றில் இரண்டு ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ் வரவைத்துவிட்டார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, புது முறையைப் போட்டுத் தரச் சொல்லி என் உயிரை வாங்கியவரும் அவர்தான்.

போன மாதம் ஒரு லோடு சிமெண்டில் வலிமை போதவில்லை என்று புகார் வந்தது. "புகார் வந்தப்புறம் நீங்க ஃபைல்ல ரிசல்ட்ட மாத்தி, கூட்டிப் போட்டுட்டீங்க" என்றார் மேனேஜர், எல்லார் முன்னாலும். மேடத்துக்கு வேலையே போகும் நிலை. ஹாஷ் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். எடுத்தேன். ரெஜிஸ்டரில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மேடம் நிதானமாகக் கேட்டார்: "சார், காலைல அந்த ஃபைலத் தொறந்தீங்களா? மூடுறப்ப சேவ் குடுத்தீங்களா?"

கொடுத்திருந்தேன். பழக்கதோஷம். எந்த எண்ணையும் நான் தொடவில்லை, ஆனால் சேவ் செய்த நேரம் ஃபைலுக்குள் மாறிவிட்டது. ஹாஷுக்கு அது போதும். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓடிப்போய் பழைய பேக்கப்பை எடுத்துவந்து அதற்கு மறுபடி ஹாஷ் போட்டேன். மேடம் ரெஜிஸ்டரைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே போனேன். அறுபத்து நாலும் சரி. அதில் இருந்த சோதனை முடிவும் இப்போதைய ஃபைலில் இருக்கும் அதே எண்தான். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்களைக் கும்பிடத் தோன்றியது. அதை நம்பித் தினமும் பேனாவைத் திறந்த மேடத்தை அதைவிட அதிகமாக.

மேனேஜர் விடவில்லை. "இந்த ரெஜிஸ்டரையே இப்ப எழுதியிருக்கலாமே?"

மேடம் ரெஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்த அறுபத்து நாலு எழுத்துக்குக் கீழே, சோதனை நடந்த நாளின் தேதியோடு, மேனேஜருடைய கையெழுத்தே இருந்தது.