கிருபைராஜ் அண்ணனின் மஞ்சள் விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குச் செய்தி வந்தது. "தானியேலு, அவிய போயிட்டாவ" என்று மட்டும் கிருபைராஜ் அண்ணனின் மனைவி சாலோமி மதினி போனில் சொன்னார். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது.

கிருபைராஜ் அண்ணன் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எங்கள் சபைப் பாடகர் குழுவில் முப்பது வருடம் அடிக்குரல் பாடியவர். மற்ற மூன்று குரலும் தன் குரலின்மேல்தான் ஏறி நிற்கின்றன என்பது அவருடைய உறுதியான எண்ணம். தன் பழைய கார் கீச்சுக்குரலில் ஓடுவது அவருக்குப் பெரிய மனக்குறை. ஐம்பத்தாறு வயதில், கல்லூரிப் பையன்கள் போகிற கடைக்குப் போய், எஞ்சினிலிருந்து வால் வரைக்கும் புதுப் புகைக்குழாய் மாட்டிக்கொண்டு வந்தார். கார் முக்குத் திரும்பினாலே தெருநாய்கள் எழுந்து நின்றன.

மூன்றாம் நாள் டாஷ்போர்டில், எஞ்சினில் ஏதோ கோளாறு என்று சொல்கிற மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இது அணையுத வரைக்கும் நான் ஏற மாட்டேன்" என்றார் மதினி. ஞாயிறு ஆராதனைக்கு அவர் ஆட்டோவில் போனார். அண்ணன் முன்சீட்டில் பாட்டுப் புத்தகத்தை உட்கார வைத்து, ஆட்டோவின் பின்னாலேயே உறுமிக்கொண்டு போனார். அப்படி ஐந்து ஞாயிறு. "பக்கத்துல இருந்து அவ பிரேக் போடச் சொல்லலன்னா எனக்கு ஓட்டவே வரல லே" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வண்ணார்பேட்டையில் கார் பட்டறை வைத்திருக்கும் இசக்கிமுருகன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். "ஆக்சிஜன் சென்சார் போச்சு அண்ணாச்சி." புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்கிற சின்ன உறுப்பு அது. புதுசு மாட்டினான். இரண்டு நாளில் விளக்கு திரும்ப வந்தது.

"சென்சார் இல்ல வே. காலைல எடுக்கும்போது டிக் டிக்னு ஒண்ணு கேக்கு" என்றார் அண்ணன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே அண்ணாச்சி. உங்க பாட்டு கோஷ்டில எவனும் தாளம் போடுதானா?"

உண்மையிலேயே பட்டறையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. இசக்கிமுருகனைக் கண்டதும் கார் வாயை மூடிக்கொள்கிறது என்று அண்ணன் சாதித்தார். பிறகு ஒரு நாள், ஒத்திகைக்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "லே, என் தொண்டையே காலைல ஒண்ணு, சூடானா ஒண்ணு. குழாய் மட்டும் என்ன?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு இசக்கிமுருகனை வீட்டுக்கே வரவழைத்தார். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த காரை எடுத்ததும் டிக் டிக் கேட்டது. குழாயின் வாயை ஈரச்சாக்கால் நான் லேசாகப் பொத்த, இசக்கிமுருகன் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் அடித்தான். எஞ்சினோடு குழாய் சேருகிற இடத்தில் நுரை பொங்கியது.

"அந்த இடுக்கு வழியா புகை வெளிய வருதுல்லா, அதே வழியா வெளிக்காத்தும் உள்ள போகுது. சென்சார் பாவம், உள்ளதத்தான் சொல்லிருக்கு. சூடானா இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கிரும், அதான் எனக்குக் கேக்கல" என்றான் இசக்கிமுருகன். பிறகு குனிந்து பார்த்தான். "புதுக் குழாய்க்கு, இடுக்க அடைக்குத கேஸ்கட்ட மட்டும் பழசாப் போட்டிருக்கு. எவன் போடச் சொன்னது?"

அண்ணன் முருங்கை மரத்தை உற்றுப் பார்த்தார்.

"அவியதான் சொல்லிருப்பாவ" என்றார் வாசலிலிருந்து மதினி. "பழசே நல்லாத்தான இருக்குன்னு சொல்லிருப்பாவ."

அப்படியேதான் சொல்லியிருந்தார்.

புதுக் கேஸ்கட் போட்டதும் விளக்கு அணைந்தது. மதினி அப்போதும் ஏறவில்லை. ஒரு வாரம் அணைந்தே இருக்க வேண்டுமாம். தினமும் காலையில் வந்து டாஷ்போர்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் ஏறினார். சாத்தான்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பினார்கள். "பதினோரு தடவ பிரேக் போடச் சொன்னா லே!" என்று அண்ணன் போனில் குதூகலித்தார். அதற்கடுத்த வாரம் மணிமுத்தாறு. அங்கே போய் வந்த ஒன்பதாம் நாள்தான் அந்தச் செவ்வாய்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கேஸ்கட் போல்ட்டுகளை இன்னொரு தடவை டைட் வைக்க வேண்டும் என்று இசக்கிமுருகன் சொல்லியிருந்தான். அடக்கம் முடிந்து காரை நான்தான் ஓரமாக நிறுத்தினேன். புதுக் கேஸ்கட் போட்ட பிறகு ஐந்நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்னும் டைட் வைக்கவில்லை.