தலை விழாமலே உட்கார்ந்தவன்

மஸ்கட்டில் நான் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில், மீசை முளைக்காத பையன்கள்கூட என்னை 'சதீக்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அரபியில் நண்பன் என்று அர்த்தம். எங்கள் ஊர் தோணிரேவில் என் வயசு ஆளை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அங்கே நான் மாமா, இல்லையென்றால் சித்தப்பா. இங்கே இத்தனை நண்பர்கள் இருந்தும் ஒருவரிடமும் வாய் திறக்கக் கூச்சம். மேனேஜரிடம் லீவு கேட்கப் போய், அவர் அறைவாசலை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டுத் திரும்புவது என் வழக்கமாகிவிட்டது.

லீவு, ஊரில் 'பாடு' குலுக்குவதற்காக. பழவேற்காடு ஏரியில் நாங்கள் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத்தான் இறங்குவோம். அதுதான் பாடு. இன்று பிடித்தவன் காத்திருக்க வேண்டும். கிடைக்காதவனுக்குத்தான் அடுத்த முறை. குலுக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். போன வருஷம் நான் போகாததால் என் பாடு முறையில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"இந்த வருசமும் வரலன்னா மிச்சத்துலயும் பாதி பூடும்னு சொல்ட்டாங்கய்யா," என்றாள் போனில் என் மனைவி செல்வி. "வாயத் தொறந்து கேட்டா அந்தாளு இன்னா கடிச்சா வெச்சுடுவாரு?"

"கேக்குறேன் செல்வி."

"நீ கேட்டுட்டாலும்."

பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள் முத்திரை ஒட்டிய அலமாரி ஒன்று உண்டு. உள்ளே கதிர் வீசும் பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, மாப்புக் கம்பை நுனியில் பிடித்து எட்ட நின்றே துடைப்பேன். அதைப் பார்த்துச் சிரித்த சாலிம் வாத்தியார், பாடத்தைக் கேட்டால் பயம் போகும் என்று என்னையும் வகுப்பில் நிறுத்திக்கொண்டார். பம்பாயில் படித்தவர், பையன்களுக்கு அரபியில் சொன்னதை எனக்கு இந்தியில் சொன்னார். அணுவின் நடுவில் புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடித்துக் கிடக்குமாம். எலக்ட்ரான் எங்கோ தூரத்தில், இடையில் வெறுமை. எனக்கு எங்கள் லேபர் கேம்ப் அறை நினைவுக்கு வந்தது, தூரத்துச் செல்வியும்தான். சில அணுக்களின் நடுப்பகுதி நிலைகொள்ளாமல் ஒருநாள் உடைந்து, துகளை வெளியே தள்ளுமாம்.

பிறகு எல்லோர் கையிலும் ஒரு காசு கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னார். நாம்தான் அணுக்கள். சுண்டித் தலை விழுந்தால் உடைந்துபோனதாகக் கணக்கு, உட்கார்ந்துவிட வேண்டும். முதல் சுற்றில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். அடுத்ததில் மிச்சத்தில் பாதி. எனக்குப் பூவே விழுந்தது. எல்லோரும் என்னையே பார்க்க, காது சுட்டது. அடுத்த சுற்றிலும் பூ. இவ்வளவு நேரம் காத்திருந்தவனுக்கு இனி முறை வராமலா போகும் என்று நான்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

"சதீக் அழுகுணி ஆட்டம் ஆடுகிறார்," என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது.

வியர்க்க வியர்க்க ஊர்ப் பாடு முறையை விளக்கினேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். "நீ காத்திருந்தது காசுக்குத் தெரியாது. அணுவுக்கும் தெரியாது. எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தில் பாதி உடைய எவ்வளவு காலம் ஆகும் என்று மட்டும் சொல்லலாம். அதுதான் அரை ஆயுள்." பலகையில் ஒரு கோடு வரைந்தார். அது இறங்கிக்கொண்டே போனது, ஆனால் தரையைத் தொடவில்லை. "எழுந்திரு சதீக், நீ இன்னும் உடையவில்லை."

அந்தத் தைரியத்தில் நேராக மேனேஜர் அறைக்குள் போனேன். என்ன வேண்டும் என்றார். மாப்பு பழசாகிவிட்டது, புதுசு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

சீட்டுக் குலுக்கும் நாளில் செல்வி கோயில் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் ஆய்வக வாசலில் புது மாப்போடு நின்றேன். இனி கால் பாடுதான் என்றாலும் ஊர்த் தலைவர் என் பெயரைக் கூப்பிட்டார். என்னை அறியாமல், "இருக்கேன்" என்று கத்திவிட்டேன். உள்ளே பாடம் நின்றது; ஒரு பையன் கதவைத் திறந்து, என்ன சதீக் என்று கேட்டான். போனுக்குள் யாரோ, "எங்க கீறான்?" என்று கேட்டார்கள்.