ஒச்சம்மாளின் பதினாறு நிமிஷம்

ஒச்சம்மாள் அக்கா கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கொஞ்ச காலம் பஜார் ரோட்டுக் கிடங்கில் சுக்குப் புடைத்தார். கணவர் தவறிய பிறகு, ஆலுவாவுக்கு அப்பால் இருக்கும் பெரிய இறைச்சிக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். நானும் அங்கேதான். கம்பெனி பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து சீட்டு. செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடமாட்டார். வேலையில் தொடுகிறாரே என்று யாராவது கேட்டால், "அது சாப்பாடு இல்ல, சம்பளம்" என்பார்.

வேலைக்குள் நுழையுமுன் நாங்கள் தலைவலை, முகமூடி, வெள்ளைக் கோட்டு, பிளாஸ்டிக் ஏப்ரன், கம்பூட், கத்தி படாதிருக்கக் கம்பிக் கையுறை எல்லாம் மாட்டி, மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டு போக வேண்டும். வந்த நேரத்தைப் பதிய அட்டை தேய்க்கும் மெஷின் அதற்கும் அப்பால்தான் இருக்கிறது. அதனால் உடுப்பு மாட்டும் நேரத்துக்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியைக் கேட்டு எங்கள் சங்கச் செயலாளர், மலையாளியான அனில் வழக்குப் போட்டார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று சாட்சி சொல்ல அக்காவை அழைத்துப் போனோம்.

சாமி பேரால் சத்தியம் செய்துவிட்டு, "பதினாறு நிமிஷம்" என்றார் அக்கா.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "உள்ளே வாட்ச் கூடாது, போன் கூடாது. நீங்க எப்படிக் கணக்குப் பாத்தீங்க?"

"முருகான்னு நூத்தியெட்டுத் தடவ மனசுக்குள்ள சொல்லுவேங்கய்யா. அது ஒரு சுத்து. நாலு சுத்து முடியிறப்ப மெஷின்கிட்ட நிப்பேன். ஒரு சுத்துக்கு நாலு நிமிஷம். வீட்ல கடியாரத்த வச்சுப் பாத்திருக்கேன்."

"அப்போ முருகன்தான் உங்க வாட்சா?"

கோர்ட்டில் சிரித்தார்கள்.

"வாட்ச் கட்ட விட்டிருந்தா அதப் பாத்தே சொல்லிருப்பேங்கய்யா" என்றார் அக்கா. ஜட்ஜ் ஏதோ குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கூலி வருமா வராதா என்பதல்ல கவலை. "சாமி பேரச் சொல்லிட்டு, தப்பான நேரத்தச் சொல்லிருந்தா?" என்று பஸ்ஸில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பார்.

இரண்டு வாரம் கழித்து, கம்பெனி ஒரு ஆளை ஸ்டாப்வாட்சோடு உடுப்பறை வாசலில் நிறுத்தியது. மூன்று நாள் அளக்கப் போகிறார் என்றார்கள்.

"மெதுவா மாட்டுவோம்" என்றாள் எங்களோடு வேலை செய்யும் மகா. "கம்பூட்டுக்குள்ள கல்லு கெடக்குன்னு தட்டித் தட்டிப் பாப்போம். இருபது நிமிஷம் ஆக்கிருவோம்."

"வேணாம் மகா. தெனமும் செய்யிற மாதிரியே செய்யிங்க. நான் சொன்னது நெசமான்னு எனக்கே தெரியணும்."

"கேட்டுக்கங்கடி, தருமதேவத உத்தரவு போட்டுருச்சு. ஓடுங்க" என்றாள் மகா. ஆனாலும் மூன்று நாளும் யாரும் வேண்டுமென்று தாமதிக்கவில்லை. அந்த ஆள் தான் அளந்ததை எங்களிடம் சொல்லவுமில்லை.

மாதங்கள் போயின. தீர்ப்பு வரவில்லை. மே மாதம் கம்பெனியின் வருஷக் கணக்கு வெளியானது. கேன்டீனில் சாயா குடிக்கும் நேரத்தில் அனில் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சேச்சி, இவிடெ வா. லாபம் போன வருஷத்தைவிடக் கூடுதல்."

"நல்லாருக்கட்டும் தம்பி. அதுக்கு நான் எதுக்கு?"

"முழுசும் கேளு. கம்பெனி பேர்ல மூணு கேஸ் உண்டு. கால்வாய்ல கழிவுத் தண்ணி விட்டது ஒண்ணு, வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி விட்டது ஒண்ணு. அந்த ரெண்டுக்கும், தோற்க மாட்டோம், பணம் ஒதுக்கலைன்னு எழுதிருக்கு. போன வருஷம் நம்ம கேஸுக்கும் இதே வரிதான். இந்த வருஷம் நம்ம கேஸுக்கு மட்டும் பணம் தனியா மாத்தி வச்சிருக்கு."

"அப்படின்னா?"

"தோத்துருவோம்னு அவங்களுக்கே தோணிருச்சு. அவங்க ஆளு அளந்த கணக்கு வச்சுத்தான் ஒதுக்கிருக்கு. பதினஞ்சர நிமிஷம்னு இதுலயே எழுதிருக்கு."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல சேச்சி."

எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அக்கா கேட்கவே இல்லை. பிறகு, "ஆனா அர நிமிஷம் கொறையுதே. கோர்ட்ல போயி அத மட்டும் கொறச்சுச் சொல்லிருவமா தம்பி?" என்றார்.

அனில் கையெடுத்துக் கும்பிட்டார். "என்றெ பொன்னு சேச்சி, மிண்டாதெ, வாயத் தொறக்காம இரி."

"அன்னைக்கு நீங்க எங்கள வெரட்டுன வெரட்டுல கொறஞ்ச அர நிமிஷம்க்கா அது" என்றாள் மகா. அக்காவும் சிரித்துவிட்டார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதற்குள் கம்பெனிக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வருவார்கள் என்கிறார் அனில். வருகிறபோது வரட்டும். ஒச்சம்மாள் அக்கா இப்போதெல்லாம் பஸ் கிளம்பியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறார்.