கூழுக்குப் போன காலர் செக்‌ஷன்

1. பச்சைத் திரை

உத்திரமேரூரை அடுத்த எங்கள் சட்டைக் கம்பெனியில், ஒரு ஆடி வெள்ளிக்கிழமை காலை எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, காலர் செக்‌ஷனைத் தவிர. அங்கே மெஷின் இருந்தது, துணி இருந்தது, ஆள்தான் இல்லை. முன்பாகம், பின்பாகம், கை எல்லாம் பண்டில் பண்டிலாக வந்து குவிகின்றன. வைத்துத் தைக்க ஒரு காலர் கிடையாது.

நான் அங்கே பிளானிங் மேனேஜர். ஸ்டாப்வாட்சோடு ஆபரேட்டர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, அத்தனை பேரின் சாபத்தையும் வாங்கிக்கொண்டு மேலே வந்தவள். அந்த வருஷம்தான் சிமுலேஷன் சாஃப்ட்வேர் வாங்கியிருந்தோம். மில்லிலிருந்து துணி கிளம்புவதில் தொடங்கி, சட்டை கன்டெய்னரில் ஏறுவது வரை எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்து, எங்கே அடைத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். லாரி தாமதமானால் என்ன ஆகும், மெஷின் பழுதானால் என்ன ஆகும், பத்தில் ஒருவர் லீவு போட்டால் என்ன ஆகும், எல்லாம் கேட்கலாம். அன்றைக்குக் காலையிலும் கேட்டேன். திரை முழுக்கப் பச்சை, எங்கேயும் அடைப்பு இல்லையாம்.

ஜி.எம். காஞ்சிபுரத்துக்காரர். திரையையும் பார்த்தார், ஹாலையும் பார்த்தார்.

“இன்னாம்மா இது? உங்க கம்ப்யூட்டர்ல எல்லாரும் குந்திக்கினு தச்சுக்கினு கீறாங்க. இங்க ஈ ஓட்றதுக்குக்கூட ஆள் இல்ல.”

காலர் செக்‌ஷன் சூப்பர்வைசர் தேவகி அக்கா காவாந்தண்டலத்துக்காரர். ஒரு மெஷின் காலியானால் நாத்தனாரைக் கூட்டிவருவார், இன்னொன்று காலியானால் எதிர்வீட்டுப் பெண்ணை. அப்படியே செக்‌ஷன் முழுவதும் ஒரே ஊராகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். பத்தில் ஒருவர் அங்கொருவர் இங்கொருவராகத்தான் லீவு போடுவார் என்று சாஃப்ட்வேருக்குள் நாங்கள் போட்டுவைத்த மாடல் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு செக்‌ஷனே ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போகும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் தேவகி அக்கா ஒரு தூக்கு நிறையக் கூழோடு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

“ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதாக்கா?”

“இன்னா மேடம், ஆடி வந்தா கூழு ஊத்துவாங்கன்னு தனியா வேற சொல்லணுமா? உங்களுக்குன்னு எடுத்துக்கினு வந்தேன், குடிங்க. கோவம் தணியும்.”

குடித்தேன். தணியவில்லை. கப்பலைத் தவறவிட்ட சட்டைகள் கம்பெனி செலவில் விமானத்தில் போயின. அடுத்த ஆடியிலும் இதே ஆர்டர் வரும், அப்போதும் தாமதமானால் இரண்டு தையல் லைனை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் எழுதியது. இரண்டு லைன் என்றால் இரண்டு பஸ் நிறையப் பெண்கள்.

2. கலைத்துப் போட்டேன்

அடுத்த வருஷம் ஆடிக்கு முன்பே உஷாராகிவிட்டேன். ஊர் ஊராக ஆட்களைப் பிரித்து மாடலுக்குக் கொடுத்தேன். அது சொன்ன வழி சுலபம்: ஒரு ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் வைக்காதே, எல்லா லைனிலும் கலந்து போடு. காவாந்தண்டலமே கிளம்பிப் போனாலும் லைனுக்கு இரண்டு மூன்று மெஷின்தான் காலியாகும், சமாளித்துவிடலாம்.

தேவகி அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “ஒண்ணா கீறவங்களப் பிரிச்சுப் போட்டா பேஜாராப் பூடும் மேடம்” என்றார். நான் லேப்டாப்பைத் திருப்பிப் பச்சையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எனக்கு மட்டும் உள்ளுக்குள் அவ்வளவு பெருமை.

3. பக்கத்து மெஷின்

கூழ் ஊற்றும் வாரம் வந்தது. திங்கட்கிழமை கன்டெய்னர் கிளம்ப வேண்டும். புதன்கிழமை மதியம் முதல் லைனிலிருந்து ஒரு பெண் லீவு கேட்டு வந்தாள். மருதம் கிராமத்துக்காரி.

“உங்க ஊர்லயா கூழு?”

“இல்ல மேடம், பக்கத்து மெஷின் அக்கா ஊர்ல. வூட்டுக்கு வந்தே ஆகணும்னு கூப்ட்டாங்க. போகலன்னா நாளைக்கு மூஞ்சப் பாத்து எப்படி நூல் கடன் கேக்கறது?”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் வாசல் வரைக்கும் வரிசை. எல்லாருக்கும் ஒரே காரணம், பக்கத்து மெஷின். போன வருஷம் காலர் செக்‌ஷன் தனக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டது. இந்த வருஷம் அவர்களை லைன் லைனாக அனுப்பி, கம்பெனி முழுவதற்கும் அழைப்பு வைத்தது நான்தான்.

ஜி.எம்.மிடம் ஓடினேன்.

“லீவு போட்றவங்கள வேலைய வுட்டு நிறுத்திடுங்க” என்றார்.

“எல்லாரையும் நிறுத்திட்டா யார் சார் தைக்கறது?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எனுக்கும் சொல்லிட்டாங்கம்மா. என் கார் டிரைவர் அந்த ஊருதான்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராகத் தேவகி அக்காவிடம் போனேன். மூடப்போகும் இரண்டு லைனைப் பற்றி அதுவரை ஆபரேட்டர்கள் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை, பயந்து ஓடிவிடுவார்கள் என்று. அன்றைக்குச் சொன்னேன்.

“இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று என்னைத் திட்டிவிட்டு, டீ நேரத்தில் ஹாலின் நடுவே ஒரு பெஞ்சில் ஏறி நின்றார்.

“வெள்ளிக்கெழம எங்க ஊர்ல கூழு. எல்லாரும் வரணும். ஞாயித்துக்கெழம கம்பெனில வேல. அதுக்கும் எல்லாரும் வரணும். எவளாவது வரலன்னா அடுத்த வருசம் கூழுக்குக் கூப்ட மாட்டேன்.”

ஹால் கப்சிப். நான் இத்தனை வருஷ சர்வீஸில் கொடுத்த எந்த மெமோவுக்கும் அப்படியொரு அமைதி கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மெஷின் காலி இல்லை. மாதத்தில் பாதி நாள் தலைவலி என்று லீவு போடுகிறவள்கூட முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காலர் செக்‌ஷனில் காலர் மலையாகக் குவிந்தது. சாயங்காலம் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டும்போது ஜி.எம். என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு.

“இன்னாம்மா, இன்னிக்கு உற்பத்தி பூஜ்யம்னு காட்டுது?”

“ஞாயிற்றுக்கிழமை லீவுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு சார். அத யாரும் கூழுக்குக் கூப்பிடல.”

திங்கட்கிழமை கன்டெய்னர் கிளம்பியது. இரண்டு லைனும் இன்றைக்கும் ஓடுகின்றன. பிளானிங் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாஃப்ட்வேரைத் தாராளமாக நம்புங்கள், ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்று அதைக் கேட்பதற்கு முன், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஹாலில் போய்ப் பாருங்கள். கஷ்டம் என்றால் அவர்களிடமே சொல்லுங்கள்.

நான் அந்தக் கூழ் வெள்ளியை மாடலில் விடுமுறையாகவே போட்டுவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எவ்வளவு காய்ச்சல் அடித்தாலும் வேலைக்குப் போய்விடுவேன். தேவகி அக்கா சொன்னால் செய்கிறவர். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது?