ஆபரேஷன் சீட்டை நீட்டிய நாள்

அன்று அந்த அறையில் இருந்தது நான்கு பேர். மேசைக்குப் பின்னால், வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சிக்காரர். இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நான், சாந்தோமிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, டெலிவரி வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ராயப்பேட்டைக்காரர் ஒருவர். ஐந்தாவது ஆள் இல்லை. கதவோரம் வேறு யாராவது நின்று பார்த்திருப்பார்களோ என்று பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன், அதனால்தான் எண்ணிச் சொல்கிறேன்.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி. ஜவுளிக்கடைகளில் பில் போட ஆள் எடுப்பதாக வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். அதனாலோ என்னவோ, எங்கே போனாலும் வீட்டிலுள்ள காகிதம் அத்தனையையும் பையில் தூக்கிக்கொண்டு போவேன். ஏதோ ஒன்று குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டால்? ரேஷன் கார்டு, ஆதார், டி.சி., பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகூட அன்று கையில் இருந்தது.

முதலில் டெலிவரிக்காரர். பத்தாவது பாஸா, வண்டி இருக்கிறதா என்று அவரிடம் கன்சல்டன்சிக்காரர் கேட்டார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து நான். வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ராத்திரி பத்து மணியானால் ஒன்றும் சொல்லமாட்டாரா, பிள்ளைகள் எத்தனை என்று போனது. இரண்டு என்றேன். மூன்றாவது வராது என்று என்ன நிச்சயம், சேர்ந்த நாலாம் மாதமே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் முதலாளி என்னைத்தானே பிடிப்பார் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நான் பையைத் திறந்தேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்து நீட்டிவிட்டேன். இப்படிக் கேட்பது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை கொண்டுவந்தோம் என்றுதான் தோன்றியது. அவரே ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு அதை என் பயோடேட்டாவோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து டிராயருக்குள் போட்டார். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னார். கடையில் யூனிஃபார்ம் புடவையாம், உடம்புவாகு பார்க்க வேண்டுமாம். சுற்றிக் காட்டினேன்.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சீட்டில் என் பெயர், வயது, என்ன செய்தார்கள் என்பது எல்லாம் இருக்கிறது. படம் பிடித்து யாருக்காவது அனுப்பிவிட்டால்? வேலை போனால் போகட்டும், சீட்டு வேண்டும். ஆனால் வாய் வரவில்லை.

அக்காவின் முறை வந்தது. அவரையும் எழுந்து சுற்றச் சொன்னார். அக்கா அசையவில்லை. டெலிவரிக்காரரைக் கையால் காட்டினார். "தம்பி, அவர நீங்க இன்னும் சுத்தவெச்சுப் பாக்கலயே. வரிசையா வாங்க."

டெலிவரிக்காரர் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். நிதானமாக ஒரு முழுச் சுற்று. "இன்னா சார், புடவ நிக்குமா? லேசா தொப்ப கீது, பரவால்லியா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் வாயும் திறந்துகொண்டது. "சார், என் சீட்டக் குடுங்க."

பதிவான ஃபைலைத் திருப்பித் தருவதில்லை என்றார். பதிவுக் கட்டணமும் அப்படித்தானாம். முந்தின நாளே அவருடைய சொந்த நம்பருக்கு ஆயிரத்தைந்நூறு அனுப்பியிருந்தேன்.

அக்கா கைப்பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டார். "குடுங்க, போறோம். இல்லன்னா இருக்கோம். எனக்குக் கோயில்ல ஜெபமாலை ஆறரைக்குத்தான்."

அப்போது மணி பதினொன்றரை. படியில் அடுத்த கூட்டம் ஏறிவரும் செருப்புச் சத்தம் கேட்டது, பெண்களின் பேச்சும் கேட்டது. கன்சல்டன்சிக்காரர் சட்டென்று டிராயரைத் திறந்தார். பின்னைப் பிடுங்கிய வேகத்தில் சீட்டின் மூலை கிழிந்தது. பணத்தைச் சாயங்காலம் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

கீழே வந்து மூன்று பேரும் கரும்புச்சாறு குடித்தோம். டெலிவரிக்காரர் தயங்கித் தயங்கி, அந்த ஜவுளிக்கடை வேலைக்குப் போகத்தான் போகிறேன் என்றார். வீட்டு வாடகை நிற்கிறதாம். அக்கா அவரைக் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவருடைய ஜூஸுக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

அடுத்த வாரம் அக்கா எனக்கு மயிலாப்பூரில் ஒரு கடையைக் காட்டிவிட்டார். லைனிங் துணி, ஃபால்ஸ், பட்டன் விற்கும் சின்னக் கடை. முதலாளியம்மா காலையில் எத்தனை மணிக்கு வரமுடியும் என்று மட்டும் கேட்டார். மீதிக் கேள்விகளுக்காக நான் நின்றுகொண்டே இருந்தேன். "இன்னும் என்ன? உள்ள வாயேன்" என்றார்.

இரண்டு வருடம் ஆகிறது. ஆயிரம் நிறத்து லைனிங்கில் எந்தப் புடவைக்கு எது சேரும் என்று இப்போது என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கவலைப்படும் சுபாவம் மட்டும் போகவில்லை. சாத்தும்போது ஷட்டர் பூட்டை நான் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். "பூட்டே அழுதுடும்டி, ஆத்துக்குக் கெளம்பு" என்பார் முதலாளியம்மா.

கன்சல்டன்சிக்காரருக்கு மாதாமாதம் ஒன்றாம் தேதி செய்தி அனுப்புகிறேன். முதல் தடவை அதை எழுதவும் அழிக்கவுமாக அரைமணி நேரம் போனது. இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்: சார், என் பணம். பதில் வராது. ஆனால் ஒருமுறை முந்நூறு வந்தது, இன்னொருமுறை இருநூறு. பாக்கி இன்னும் ஆயிரம் ரூபாய்.